நூறு சொல்லில் ஒரு விளக்கு

(பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஓட்டப் பந்தயத்துக்கும், திருக்குறள் ஒப்புவிப்பதற்கும், அழகான கையெழுத்துக்கும் பரிசு கொடுப்பது நம் பள்ளியில் வழக்கமாக நடப்பது. இந்த ஆண்டு புதிதாக ஒரு போட்டி சேர்ந்திருக்கிறது. அதற்கு 'நூறு சொல் கதை' என்று பெயர் வைத்தோம். ஒரு தலைப்பு கொடுப்போம். அந்தத் தலைப்பில் ஒரு கதை எழுத வேண்டும். நூறு சொல்லுக்கு மேல் ஒரு சொல்கூடப் போகக்கூடாது. இந்தப் போட்டியைப் பற்றிச் சில வார்த்தை பேசு என்று தலைமையாசிரியர் கட்டளையிட்டார். சுருக்கத்தைப் பற்றி நீட்டி முழக்கினால் அது குற்றம்தான். ஆனால் நான் ஒரு வாத்தியார். கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் கடைத்தெருவில் ஒரு பெற்றோர் என்னை நிறுத்தினார். "சார், கதை எழுதி என்னா ஆவப்போவுது? கணக்குல இன்னும் நாலு மார்க்கு வாங்க வச்சீங்கன்னா புண்ணியமாப் போவும்" என்றார். அவர் கேட்டதில் தவறு இல்லை. வெயிலிலும் மழையிலும் நின்று சம்பாதிக்கிறவருக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு. அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "சொல்றேன் அண்ணே" என்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். அதற்கு உங்களை ஓர் ஊருக்கு அழைத்துப் போக வேண்டும். அந்த ஊர் எந்த நாட்டு வரைபடத்திலும் இல்லை.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. பள்ளியைப் பூட்டினோம். பாடத்தைக் கைப்பேசியில் அனுப்பினோம். பிள்ளைகள் சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடி அலைந்தார்கள். நானும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தேன். அப்போது பயிற்சிக் கல்லூரியில் என்னோடு படித்த நண்பர் ஒருவர், "சும்மாதானே இருக்க, ஒரு இலக்கிய விருந்துக்கு வா" என்று கூப்பிட்டார். "வாசல் தாண்டினால் போலீஸ் நிற்கிறது, விருந்தா?" என்றேன். "வாசல் தாண்ட வேண்டாம். கணினியைத் திற" என்றார்.

அந்த ஊரின் பெயர் செகண்ட் லைஃப். இரண்டாவது வாழ்க்கை என்று பொருள். அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ நகரில், பிலிப் ரோஸ்டேல் என்பவர் தொடங்கிய லிண்டன் லேப் என்ற நிறுவனம் 2003ஆம் ஆண்டு அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. கணினிக்குள்ளே ஒரு உலகம். அங்கே கடல் இருக்கிறது, மலை இருக்கிறது, வீடு, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அங்கே புழங்கும் மனிதர்களே கட்டியவை. நிலம் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு முழுத் துண்டு 256 மீட்டர் நீளம், 256 மீட்டர் அகலம். நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 16 ஏக்கர். அந்த நிலத்துக்கு மாத வாடகை கட்ட வேண்டும். இந்த வாடகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கு வருகிறேன்.

அங்கே போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பொம்மை உடம்பு கிடைக்கும். அதற்கு 'அவதார்' என்று பெயர். வேறு எங்கிருந்தும் வந்த சொல் அல்ல, நம்முடைய அவதாரம்தான். கிழவர் வாலிபராகலாம், வாலிபர் நரியாகலாம். நடக்கலாம், பறக்கலாம். நம் பொம்மையைச் சுற்றி 20 மீட்டருக்குள் இருப்பவர்களுக்குத்தான் நாம் எழுதுகிற பேச்சு தெரியும். உரக்கக் கத்துகிற மாதிரி எழுதினால் 100 மீட்டர் வரை போகும். பெரட்டுக் களத்தில் தண்டல் கூப்பிட்டால் எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவர்களுடைய வழக்கமான ஒரு பகல் இரவு நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். மூன்று மணி நேரம் வெளிச்சம், ஒரு மணி நேரம் இருட்டு. நமக்கு அப்படி இருந்தால் எத்தனை தடவை வேலைக்குக் கிளம்ப வேண்டியிருக்கும், யோசித்துப் பாருங்கள்!

பெற்றோர்களுக்கு ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அது பிள்ளைகளுக்கான இடம் இல்லை. பெரியவர்களுக்கென்றே ஒதுக்கிய பகுதிகளும் அங்கே உண்டு, முகம் தெரியாதவர்கள் நிறையப் பேர் உண்டு, காசு கரைகிற வழியும் உண்டு. நான் போனேன் என்பதற்காக நம் மாணவர்கள் போக வேண்டாம். அங்கே நான் கண்டதில் நல்லது எதுவோ அதை மட்டும் இங்கே கொண்டுவந்தேன்.

சரி, விருந்துக்கு வருவோம். நமக்குச் சனிக்கிழமை காலை 10 மணி. அமெரிக்காவின் மேற்குக் கரையில் அப்போது வெள்ளிக்கிழமை இரவு 7 மணி. அந்த ஊர் முழுவதற்கும் அதுதான் நேரம். ஒரு கடற்கரைத் தோட்டம். நடுவில் தீ மூட்டியிருந்தார்கள். சுற்றிலும் மரக்கட்டை இருக்கைகள். மாதம் ஒரு தலைப்பு கொடுத்து 200 சொல்லுக்குள் ஆங்கிலத்தில் கதை எழுதச் சொல்வார்களாம். அந்த மாதத் தலைப்பு 'விளக்கு'. விருந்துக்கு வருகிறவர்கள் கையில் ஏதாவது ஒரு விளக்கோடு வர வேண்டும் என்பது விதி. ஒருவர் அரிக்கன் விளக்கோடு வந்தார். ஒருவர் தெருவிளக்குக் கம்பத்தையே தோளில் சுமந்து வந்தார். ஒரு நரி, மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தது. நான் போன வேகத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினேனோ தெரியவில்லை, என் பொம்மை நேராக நடந்து கடலுக்குள் இறங்கிவிட்டது. இரண்டு பேர் வந்து வழிகாட்டி ஏற்றினார்கள். பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் வரும் பிள்ளையைக் கையைப் பிடித்து உட்கார வைப்பது போல உட்கார வைத்தார்கள்.

கதைகளை இரண்டு நாளைக்கு முன்பே ஒரு பெட்டியில் போட்டுவிட வேண்டும். விழாவில் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து படிப்பார்கள். ஒரு கதைக்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். கேட்பவர்கள் கைதட்டுவார்கள், பிறகு வாக்குப் போடுவார்கள். முதல் பரிசு ஆயிரம் லிண்டன். அது அந்த ஊர்க் காசு. ஆயிரம் என்றதும் வாயைப் பிளக்காதீர்கள். ஏறக்குறைய 250 லிண்டன் ஒரு அமெரிக்க டாலர். ஆயிரத்துக்கு நான்கு டாலர். நம் காசுக்கு 20 ரிங்கிட்கூட வரவில்லை. அதற்காக யாரும் வரவில்லை என்பது போன உடனே புரிந்துவிட்டது.

நானும் ஒரு கதை போட்டிருந்தேன். பயிற்சிக் கல்லூரியில் நான் நன்றாக எழுதுவேன் என்று பெயர். அந்தத் திமிர். என் கதை ஒரு கலங்கரை விளக்கத்தைப் பற்றியது. புயல் இரவு, உடைந்த கப்பல், காவலாளியின் மகள், ஒரு வெள்ளைக்கார மாலுமி. அகராதியைப் புரட்டிப் பெரிய பெரிய ஆங்கிலச் சொல்லாகப் போட்டிருந்தேன். படித்து முடித்தேன். கைதட்டினார்கள். நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி உப்பில்லாத குழம்பைச் சாப்பிட்டுவிட்டு "நல்லா இருக்கு" என்று சொல்வாரே, அந்த மாதிரிக் கைதட்டல்.

பரிசு வாங்கியது அந்த நரி. குரல் கேட்டபோதுதான் தெரிந்தது, வயதான ஒரு அம்மையார். மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவராம். இரவு நேரத்தில், நோயாளி கண் விழித்துவிடக் கூடாது என்று கையை விளக்கின்மேல் குவித்துப் பிடித்தபடி கட்டில் கட்டிலாக நடந்ததை எழுதியிருந்தார். விரல் இடுக்கில் வருகிற சிவப்பு வெளிச்சத்தில் ஒரு முகத்தைப் பார்க்கிறார், மூச்சு இல்லை. அவ்வளவுதான் கதை. அதில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. கதை முடிந்தும் அந்தச் சிவப்பு வெளிச்சம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

கதை முடிந்ததும் ஆட்டமும் பாட்டும். ஒரு பந்தைத் தொட்டால் போதும், பொம்மை தானாக ஆடும். என் பொம்மையும் ஆடிக்கொண்டிருந்தது. நான் இங்கே கைலியோடு, வெறும் தேநீரோடு உட்கார்ந்திருந்தேன். அந்த நரி என் பக்கத்தில் வந்து, நீங்கள் எந்த ஊர் என்று கேட்டது. மலேசியா, ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியர், என் அம்மா ரப்பர் மரம் வெட்டியவர் என்றேன். உடனே அது கேட்டது: "நீங்கள் சிறுவனாக இருந்தபோது உங்கள் வீட்டில் என்ன விளக்கு இருந்தது?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. கலங்கரை விளக்கத்தை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் ஒரு விளக்கைப் பத்து வருடம் தினமும் பார்த்திருக்கிறேன். விடியற்காலை இருட்டில் அம்மா நெற்றியில் வாரைக் கட்டி மாட்டிக்கொண்டு போன பேட்டரி விளக்கு. குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால்தான் இருட்டோடு போக வேண்டும். இது உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் அந்த வேற்று நாட்டவர்களுக்குத் தெரியவில்லை. ஆடிக்கொண்டிருந்த பொம்மைகள் ஒவ்வொன்றாக நின்றன. மரத்தில் எப்படிக் கோடு போடுவார்கள், பால் எதில் விழும், எவ்வளவு நேரம் சொட்டும் என்று மாறி மாறிக் கேட்டார்கள். மங்கு என்றேன், உளி என்றேன், காண்டா என்றேன். என் இருநூறு சொல் கதைக்குக் கிடைக்காத காது இந்த மூன்று சொல்லுக்குக் கிடைத்தது.

அன்று மாலையே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, காட்டுக்குப் போறப்ப தலையில மாட்டிக்கிட்டுப் போவியே, அந்த விளக்கு எங்க?"

"எது, பேட்டரி லைட்டா? அது எப்பவோ போயிருச்சி. ஏன் தம்பி, ஒனக்குக் கரண்டு இல்லையா?"

"இருக்கும்மா. ஒரு கதை எழுதணும்."

"அதுல என்னாடா கதை இருக்கு? மாட்டுவேன், மரம் வெட்டுவேன், வந்துருவேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே சொன்னார்: "மரத்துக்கு மரம் நடக்கறப்ப அணைச்சிருவேன். மரத்துகிட்டப் போயி நின்னுதான் போடுவேன். காலுக்குத் தடம் தெரியும், அதுக்கு எதுக்கு வெளிச்சம்?"

"ஏம்மா அணைச்ச?"

"பேட்டரி தீந்துருமில்ல. ராத்திரி பத்து மணிக்கு எஞ்சின நிப்பாட்டிருவாங்க. அப்புறம் நீ எதுல படிப்ப?"

"பாம்பு கீம்பு இருந்தா?"

"அது அதுபாட்டுக்குப் போவும். நீ சாப்பிட்டியா?"

சபையோர்களே, 1990-களில் எங்கள் தோட்டத்தில் இரவு பத்து மணிக்கு மின்சார எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். ஆறாம் ஆண்டுச் சோதனைக்கு நான் அந்த விளக்கில்தான் படித்தேன். பேட்டரி எப்போதும் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அது எப்படி மிச்சமானது என்று முப்பது வயது தாண்டும்வரை எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. கேட்காததால் அவரும் சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஒரு நரி கேட்ட பிறகுதான் என் அம்மாவை நான் கேட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

அதைக் கதையாக எழுத உட்கார்ந்தேன். முதலில் 600 சொல் வந்தது. தாயின் தியாகம், தெய்வத் தாய், கண்ணீர்க் கடல் என்றெல்லாம் எழுதியிருந்தேன். 200 சொல்லுக்குள் அடங்க வேண்டுமே! தியாகத்தை வெட்டினேன். தெய்வத்தை வெட்டினேன். கண்ணீரையும் வெட்டினேன். கடைசியில் அம்மா, விளக்கு, மரம், இருட்டு, பேட்டரி, நான் ஆகிய இவைதான் மிஞ்சின. அம்மா சொன்னதை அம்மா சொன்னபடியே வைத்தேன். மரம் வெட்டுகிறவர்கள் சொல்வார்கள், ஆழமாக வெட்டினால் மரம் கெட்டுப்போகும், மேலாக வெட்டினால் பால் வராது என்று. கதையும் அதே மாதிரிதான். பட்டையை மெல்லியதாகச் சீவத் தெரிய வேண்டும்.

அடுத்த மாதம் போட்டிக்கு வேறு தலைப்பு. ஆனாலும் என் கதையைப் போட்டிக்கு வெளியே படிக்க இடம் கொடுத்தார்கள். படித்தேன். முடிந்ததும் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. நம் தோட்டத்து இணையத்தைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே, இணைப்பு அறுந்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு நரி கேட்டது: "ஒவ்வொரு மரத்துக்கும் இடையிலா அணைத்தார்?" ஆமாம் என்றேன். "ஒரு நாளைக்கு எத்தனை மரம்?" சுமார் ஐந்நூறு என்றேன். "அப்படியானால் ஐந்நூறு தடவை" என்று எழுதியது.

நான் கணக்கு வாத்தியார். அந்தக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை என் அம்மா எனக்காக விளக்கை அணைத்திருக்கிறார்.

கடைத்தெருவில் என்னைக் கேட்ட அண்ணன் இங்கே இருந்தால், அவருக்கு என் முதல் பதில் இது. கதை எழுதினால் கணக்கும் வரும்.

இப்படிக் கொஞ்சம் சொல்லில் கதை எழுதுவது நேற்று முளைத்ததல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் நியூ டைம்ஸ் என்ற வார இதழின் ஆசிரியர் ஸ்டீவ் மாஸ் 1987இல் 55 சொல் கதைப் போட்டி ஒன்றைத் தொடங்கினார். 1992இல் 72 குட்டிக் கதைகள் சேர்ந்த ஒரு தொகுப்பு வந்தபோது 'பிளாஷ் பிக்ஷன்', அதாவது மின்னல் போன்ற கதை, என்ற பெயர் பரவியது. ஆனால் சுருக்கம் நமக்குப் புதிதா? திருக்குறளில் 133 அதிகாரம், அதிகாரத்துக்கு ஒரு தலைப்பு, தலைப்புக்குப் பத்துக் குறள், குறளுக்கு ஏழு சீர். தலைப்புக் கொடுத்துச் சுருங்கச் சொல்லச் சொன்னால் நம் மாணவர்கள் பயப்படவே தேவையில்லை. ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வது நம் புலவர்கள் வழக்கம். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சமையற்கட்டில் பாட்டி சொல்வதும் இதைத்தான்.

முகம் பார்க்காமல் கூடி எழுதுவதும் நமக்குப் புதிதல்ல. 1950-களின் தொடக்கத்தில் இந்த நாட்டில் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பத்திரிகைதான் பள்ளிக்கூடம். தபால்காரர் கொண்டு போகிற உறைதான் வாசல். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கதை எழுதக் கற்றார்கள். அந்த வகுப்புக்குச் சுவர் கிடையாது, கூரை கிடையாது. அதுவும் ஒரு மாய ஊர்தான், கணினி இல்லாத மாய ஊர். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோய்விட்டது. ஆனால் அந்த வகுப்பைப் பற்றி இன்றைக்கும் நாம் பேசுகிறோம்.

நின்றுபோனதைப் பற்றிச் சொன்னதும் அந்த வாடகை நினைவுக்கு வருகிறது. வாடகையை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஒரு வருடம் கழித்து, பள்ளி வேலையெல்லாம் ஓய்ந்த ஒரு விடுமுறையில், மறுபடி அந்தக் கடற்கரைத் தோட்டத்துக்குப் போனேன். தோட்டம் இல்லை. தீ இல்லை, மேடை இல்லை, மரக்கட்டை இருக்கைகள் இல்லை. யாருக்கோ வாடகை கட்ட முடியவில்லை போலும். அங்கே வாடகை நின்றால் நிலம் போய்விடும், மேலே கட்டியதும் மறைந்துவிடும். இடிபாடுகூட மிஞ்சாது. ஒரு செங்கல் கிடக்காது.

எனக்கு அப்போது எது நினைவுக்கு வந்தது என்று உங்களுக்குத் தெரியும். நம் பழைய லயங்கள். நம்மில் எத்தனை பேர் பிறந்த வீடு இன்று இல்லை! இடித்தார்கள், மண்ணைச் சமன்படுத்தினார்கள், செம்பனை நட்டார்கள். வேறு சில தோட்டங்களில் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. ஆயாக் கொட்டகை இருந்த இடத்தை இப்போது யாராவது காட்ட முடியுமா? ரப்பர் போனதோடு நிரை போயிற்று, மங்கு போயிற்று, ஒட்டுப்பால் போயிற்று. நம் பிள்ளைகளிடம் காண்டா என்றால் விழிக்கிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. பொருள் போனால் சொல்லும் பின்னாலேயே போய்விடும்.

ஆனால் அந்தக் கடற்கரைத் தோட்டத்தில் நரி படித்த கதை என்னிடம் இருக்கிறது. என் அம்மாவின் விளக்கைப் பற்றிய கதை அவர்களில் யாரோ சிலரிடம் இருக்கும். இடம் போய்விட்டது. அங்கே படித்த கதைகள் போகவில்லை. இதை அறிந்த பிறகுதான் தலைமையாசிரியரிடம் போய், "ஐயா, நம் பள்ளியில் ஒரு நூறு சொல் கதைப் போட்டி வைக்கலாமா?" என்று கேட்டேன்.

நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு 'வீட்டில் உள்ள ஒரு பழைய பொருள்' என்று தலைப்புக் கொடுத்தோம். முதல் வாரம் 23 கதைகள் வந்தன. அரண்மனை வாள் வந்தது, புதையல் பெட்டி வந்தது, மந்திரக் கண்ணாடி வந்தது. என் கலங்கரை விளக்கத்தின் தம்பி தங்கைகள்! நான் யாரையும் திட்டவில்லை. எந்த வாயால் திட்டுவது? "வீட்டுக்குப் போங்க. ஒரு பழைய சாமானக் கையில எடுத்துக்கிட்டு, இது எங்கேருந்து வந்துச்சின்னு வீட்டுப் பெரியவங்களக் கேளுங்க. அவங்க சொன்னத அப்படியே எழுதுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் வந்த கதைகளைப் படித்துவிட்டு ஆசிரியர் அறையில் நாங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மூன்றாம் பரிசு பெறும் ஐந்தாம் ஆண்டு மாணவி தன் பாட்டியின் உளியைப் பற்றி எழுதியிருக்கிறாள். வீட்டில் மூன்று கத்தி இருந்தும் பாட்டி புழக்கடையில் கீரைத்தண்டை அந்த உளியால்தான் வெட்டுகிறாராம். மற்றக் கத்தி கைக்குச் சொன்னபடி கேட்பதில்லையாம்.

இரண்டாம் பரிசு பெறும் ஆறாம் ஆண்டு மாணவன், அப்பா செம்பனைக் குலை வெட்டும் நீண்ட கம்பு அரிவாளைப் பற்றி எழுதியிருக்கிறான். அப்பா பகல் முழுக்க மேலேயே பார்த்து வேலை செய்கிறார், கழுத்து வலிக்கிறது, அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் தரையைப் பார்த்தே பேசுகிறார். என்மேல் கோபம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன் என்று முடித்திருக்கிறான். கதை எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்ட அண்ணனுக்கு என் இரண்டாவது பதில் இது. ஒரு பிள்ளை அப்பாவைப் புரிந்துகொண்டான். இதற்கு எத்தனை மார்க்கு போடுவது, நீங்களே சொல்லுங்கள்.

முதல் பரிசு நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை. வருகைப் பதிவின்போதுகூடக் கையைத்தான் தூக்குவான். அவன் தாளைக் கொடுத்தபோது, "என்னய்யா, இவ்வளவுதானா? இன்னும் நிறையச் சொல் பாக்கி இருக்கே" என்றேன். "முடிஞ்சிருச்சி சார்" என்றான். இந்த ஆண்டு அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. அவன் எழுதியதை அப்படியே படிக்கிறேன்:

"பாட்டி இடுப்பில் ஒரு சாவி இருக்கிறது. பழைய லயத்து வீட்டுச் சாவி. வீட்டை இடித்து விட்டார்கள். பூட்டும் இல்லை. ஏன் பாட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். வீடு போனது சாவிக்குத் தெரியாது என்றார்."

இருபத்து நான்கு சொல். நூறு சொல் அனுமதித்தோம், எழுபத்தாறு சொல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பள்ளி சிறிய பள்ளி. ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் குறைகிறார்கள். வீடு மாறிப் போகிறவர்களைத் தடுக்க முடியாது, அது அவரவர் பிழைப்பு. நாளைக்கு இந்தக் கட்டடம் இங்கேயே இருக்குமா, வேறு இடத்துக்குப் போகுமா என்பதை முடிவு செய்கிற இடத்தில் நான் இல்லை. என் கையில் இருப்பது ஒரு சுண்ணாம்புக்கட்டி மட்டும்தான். ஆனால் உங்கள் கையில் ஒன்று இருக்கிறது. உங்கள் பிள்ளை ஒரு பழைய சாமானைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது என்னாம்மா? இது என்னாப்பா?" என்று கேட்டால், "அதுல என்னா கதை இருக்கு, போய்ப் படி" என்று விரட்டிவிடாதீர்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். பொருளின் பெயரை நம் பெயராலேயே சொல்லுங்கள். என் அம்மாவும் அதில் என்ன கதை இருக்கிறது என்றுதான் கேட்டார்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒன்று. நாளைக்கு நீங்கள் பெரியவர்களாகி எந்த எந்த ஊருக்கோ போவீர்கள். வரைபடத்தில் இருக்கிற ஊருக்கும் போவீர்கள், இல்லாத ஊருக்கும் போவீர்கள். அங்கே உங்கள் நிறத்தை யாரும் பார்க்காத நேரம் வரும். உடை தெரியாது, தோட்டத்துப் பிள்ளையா பட்டணத்துப் பிள்ளையா என்பதும் தெரியாது. உங்கள் சொல் மட்டும்தான் தெரியும். அப்போது இரவல் வாங்கிய கலங்கரை விளக்கத்தைக் காட்டாதீர்கள். உங்கள் வீட்டு விளக்கைக் காட்டுங்கள். அதற்கு இன்றைக்கே வீட்டில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியவர்கள் இன்றைக்கு இருக்கிறார்கள்.

வந்த 23 கதைகளும் இந்த மலரின் பின் பக்கங்களில் அச்சாகியிருக்கின்றன. பரிசு கிடைத்தது மூன்றுக்குத்தான். ஆனால் 23 வீட்டுச் சாமான்கள் அங்கே பத்திரமாக இருக்கின்றன. வீட்டுக்குப் போனதும் மலரைத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்துவிடாமல், படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு கதைக்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

இங்கே முன் வரிசையில் என் அம்மா உட்கார்ந்திருக்கிறார். இத்தனை பேர் முன்னால் நம்மைப் பற்றிப் பேசுகிறானே என்று தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். வீட்டுக்குப் போனதும் திட்டு விழும். பரவாயில்லை.